என் மகளின் நிறத்துக்கு ஒரு பிரிண்டர்

ஒரு பெண் பார்க்கும் நிகழ்ச்சி கெட்டுப்போனதனாலேயே புகைப்படம் அச்சிடும் பிரிண்டர் ஒன்று என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வேலூரிலிருந்து ஒரு குடும்பத்தார் வந்திருந்தனர். என் மகள் காப்பித் தட்டுடன் வந்து நின்றதும், மாப்பிள்ளையின் அத்தை தம் கைப்பையைத் திறந்து, நாங்கள் தரகர் மூலம் அனுப்பியிருந்த படத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மீண்டும் படத்தைப் பார்த்தார்.

"போட்டோல வேற மாதிரி இருந்துச்சுங்களே" என்றார்.

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு அவர்கள் புறப்பட்டனர். பொய்யான சரக்கை விற்க முயன்றவன் போல நான் வாசலில் நின்றேன். என் மகள் கருப்பு. என்னுடைய நிறம் அது. அதை மறைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. மறைத்தவர் தேரடித் தெருவின் ஸ்டுடியோக்காரர். மறுநாள் காலையில் கடை திறந்தவுடனேயே அவரிடம் சென்று காரணம் கேட்டேன்.

"கல்யாணத்துக்குனு சொன்னீங்களே சார், அதான் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் கலர் ஏத்தி விட்டேன். எல்லாப் பொண்ணுங்களுக்கும் செய்யறதுதான்."

உள்ளபடியே அச்சிட்டுத் தருமாறு கேட்டேன்.

"அப்படியே போட்டுக் குடுத்தா போட்டோ சரியில்லனு என்னதான் சார் திட்டுவாங்க. என் கடைப் பேரு கெட்டுடும்" என்றார் அவர்.

வேறொரு ஸ்டுடியோவுக்குச் சென்றேன். உள்ளபடியே தருவதாக உறுதி கூறிய அந்தக் கடைக்காரர் கொடுத்த படத்தில், என் மகள் முந்தைய படத்தைவிட ஒரு படி வெளுத்திருந்தாள். கூடுதலாக உதட்டில் சிவப்பும் பூசப்பட்டிருந்தது.

தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகப் பணியாற்றும் என் மகள் அதிகம் பேசுகிறவள் அல்லள். அன்று மாலை அந்தப் படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்பா, என் நிறத்துல ஒரு படம் அனுப்புங்க. அதப் பாத்துட்டு யார் வேணா வரட்டும், நான் வந்து உக்கார்றேன். இந்த மாதிரி படம் போச்சுன்னா இனிமே யார் எதிர்லயும் வந்து நிக்க மாட்டேன்" என்றாள். அவள் கேட்டது நியாயம். ஆகையால் படத்தை நாமே எடுத்து நாமே அச்சிடுவது என்று முடிவு செய்தேன். மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் கேமராவும் என் மகளின் கணினியும் வீட்டில் இருந்தன. இல்லாதது பிரிண்டர் ஒன்றுதான்.

பம்பு செட்டு உதிரிப் பாகங்கள் விற்றே வாழ்நாளைக் கழித்தவன் நான். ஒரு பொருளை வாங்குமுன் அதைப் பிரித்துப் பார்க்காமல் இருந்ததில்லை. வேங்கிக்காலில் புதிதாகத் தோன்றியிருந்த கம்ப்யூட்டர் கடையிலோ, பிரித்துப் பார்க்க எதுவுமில்லை. வரிசையாக வெள்ளைப் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின் மீதும் அது அச்சிட்ட மாதிரிப் படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது: ஒரு பஞ்சவர்ணக் கிளி, ஒரு பழக்கூடை, பொன்னிறத் தலைமுடியுடன் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. விற்பனையாளர் கிளியை என் கண்ணருகே நீட்டினார்.

"இறகு ஒவ்வொண்ணும் எண்ணலாம் சார். கலர் எப்படி நிக்குது பாருங்க."

"நான் கிளிக்கு மாப்பிள்ள பாக்கலீங்க தம்பி. மனுசங்க மொகம் எப்படி வரும்? கருப்பா இருக்கறவங்க மொகம்?"

"கருப்பு இங்க் தனி டப்பாவே இருக்கு சார். லெட்டரெல்லாம் பளிச்னு வரும்."

நான் கேட்டது அவருக்கு விளங்கவில்லை. அவர் கூறிய எண்களும் புள்ளிக் கணக்குகளும் எனக்கு விளங்கவில்லை. எங்கள் படத்தை அச்சிட்டுக் காட்டும்படி கேட்டதற்கு, விற்பனைக்கு முன் மை டப்பாவைத் திறக்க இயலாது என்று மறுத்துவிட்டார். வேறு வழியின்றிக் கிளியை நம்பி அந்தப் பிரிண்டரை வாங்கினேன். முன்பின் ஓட்டிப் பாராமல் ஒரு மோட்டாரையும் வாங்கியிராத நான், ஒரு பறவையின் சாட்சியத்தை ஏற்று அப்பெட்டியைப் பேருந்தில் மடிமீது வைத்துக்கொண்டு வந்தேன்.

முதற்படத்தில் என் மகளின் முகம் செங்கல்லாகச் சிவந்து வந்தது. தாளின் வகையை மாற்றி மீண்டும் அச்சிட்டபோது சாம்பல் கலந்த பச்சையாக வந்தது. புடவையின் நீலம் அப்பழுக்கின்றி அமைந்திருந்தது. பின்னாலிருந்த செம்பருத்திச் செடியும் இலை இலையாகத் தெரிந்தது. முகம் மட்டுமே தவறிப்போயிற்று.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த என் மகள், "இதுல செங்கல் சூளைல வேல செய்யறேன். இதுல காய்ச்சல்ல படுத்துக் கெடக்கறேன்" என்றாள்.

விற்பனையாளரை வீட்டுக்கு வரவழைத்தேன். அவர் கணினியின் முன் அமர்ந்து எதையோ நகர்த்தினார். "கொஞ்சம் ஏத்தி விட்டா சரியாயிடும் சார்."

"ஏத்தாம சரி பண்ணுங்க."

"ஏத்தினாதான் சார் சரியாவும்."

அவருடன் வழக்காடுவதற்கு என்னிடம் சொல் இருந்ததே தவிர வழி இல்லை. பிரிண்டரை ஒரு துணியால் மூடி வைத்தேன். சில வாரங்கள் கழித்து மீண்டும் முயன்றபோது மை உலர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் விழுந்தன. உதவிக்கு அழைத்த அன்று பௌர்ணமி. மலை சுற்ற வந்த கூட்டத்தில் சாலைகளை அடைத்துவிட்டார்கள், வண்டி வராது என்று கடையிலிருந்து பதில் வந்தது. சரக்கில் குறை இருந்தால் வாங்கியவரின் வீடு தேடிச் சென்று மாற்றித் தந்த வியாபாரி நான். அந்தப் பதிலை என்னால் பொறுக்க இயலவில்லை.

அடுத்த வாரம் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு, பெட்டியையும் எடுத்துக்கொண்டு, அக்கடைக்கே சென்றேன். படம் அடங்கிய மெமரி கார்டு என் சட்டைப் பையில் இருந்தது. கண்ணெதிரே அச்சிட்டுக் காட்டாமல் நகரப் போவதில்லை என்று கூறி நாற்காலியில் அமர்ந்தேன். விற்பனையாளர் பெருமூச்சு விட்டு, மேல் தட்டிலிருந்து சாப்பாட்டு டப்பா அளவிலான ஒரு சிறு இயந்திரத்தை இறக்கினார். இது மையில் இயங்குவதன்று என்றும், சாய ரிப்பனைச் சூடாக்கி மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ஒவ்வொரு நிறமாகத் தாளில் பதிப்பது என்றும் சொன்னார். அஞ்சலட்டை அளவுக்கு மேல் போடாது என்பதால் எவரும் கேட்பதில்லையாம்.

கார்டைச் செருகினார். தாள் உள்ளே சென்று வெளியே நீண்டது. அதில் என் மகள் வெளிறிய மஞ்சளில் நின்றாள். தாள் மீண்டும் உள்ளே சென்று, சிவப்பும் சேர்ந்து வெளியே வந்தது. இப்போது அவள் மாலை வெயிலில் நிற்பவள் போல எடுப்பான செம்பொன் நிறத்தில் இருந்தாள்.

என் மனைவி என் காதருகே குனிந்தாள். "இத்தோட நிறுத்திட முடியாதுங்களா?"

அவள் மெதுவாகக் கேட்டதாக நினைத்தாள். கடையிலிருந்த அனைவருக்கும் அது கேட்டது.

"இன்னும் நீலம் வரணும்மா. இரு" என்றாள் என் மகள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்றாம் முறை தாள் வெளியே வந்தபோது அவள் வந்துவிட்டாள். நெற்றியின் மினுமினுப்பு, கன்னத்தின் அடர்ந்த கருமை, கழுத்தோரத்தில் சற்றே வெளுத்த இடம், எல்லாம் இருந்தபடியே இருந்தன. விற்பனையாளர் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார். "கொஞ்சம் டார்க்கா விழுந்துடுச்சு மேடம். இன்னொண்ணு ஏத்திப் போடறேன்."

"தொடாதீங்க" என்றாள் அவள்.

பழைய பிரிண்டரைப் பாதி விலைக்குக்கூட எடுத்துக்கொள்ளாத அந்தக் கடையிலேயே புதியதையும் வாங்கினேன். அந்தப் படத்தைத் தரகரிடம் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அண்ணே, இது ரொம்ப ஒரிஜினலா இருக்குண்ணே" என்றார். ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் என்றேன்.

நெடுநாள் கழித்து, கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளை கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவர். இருவரும் தனியே சற்று நேரம் பேசினர். அவர்கள் சென்றபின் என் மகள் எப்போதையும்விட ஓர் இட்லி அதிகமாகச் சாப்பிட்டாள் என்று மனைவி என்னிடம் தெரிவித்தாள். மறுநாளே அங்கிருந்து சம்மதம் வந்தது. என் மகளும் சம்மதித்தாள்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க மாப்பிள்ளையின் தாயார் வந்தபோது, மண்டப வாசலில் வைக்கும் பேனரைப் பற்றிப் பேச்சு வந்தது. "பொண்ணு படம் எங்ககிட்டயே இருக்கு" என்று கூறிப் பையிலிருந்து எடுத்தார். என் பிரிண்டரில் அச்சான அதே படம், அதே புடவை, அதே செம்பருத்தி. முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்திருந்தது. நான் கொடுத்ததைத் தரகர் ஸ்டுடியோவில் நகலெடுத்து ஏற்றியிருக்கிறார். பின்னர் கேட்டபோது, "நல்லதுக்குத்தானண்ணே செஞ்சேன், வேல முடிஞ்சுதில்ல" என்றார்.

"நேர்ல பாத்துட்டோம், எங்களுக்குப் பொண்ண ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றார் அந்த அம்மையார். "பேனருக்கு மட்டும் இது இருக்கட்டும். இதுல லட்சணமா இருக்கா."

என் மகள் எழுந்து உள்ளே சென்றுவிட்டாள். அவர் போனதும் வெளியே வந்து, "அந்தப் படம்தான்னா இந்தக் கல்யாணம் வேணாம்பா. போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். ஒரு பேனருக்காக வந்த சம்பந்தத்தை உதறாதே என்று என் மனைவி அழுதாள்.

உண்மையான படம் ஒன்றைப் புதிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு நான் கீழ்பென்னாத்தூருக்குப் பேருந்து ஏறினேன். மாப்பிள்ளையின் தாயார் அதைக் கையில் வாங்கி, "ஊரே நின்னு பாக்கற பேனருண்ணா. அதுல போயி..." என்று கூறி நிறுத்திக்கொண்டார். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். தனியே பேசியபோது என் மகளைச் சிரிக்க வைத்தவர் அவர். அவர் ஏதேனும் சொல்வார் என்று உண்மையாகவே எதிர்பார்த்தேன்.

"அம்மா சொல்றதும் ஒரு வகைல சரிதாங்க மாமா. ஒரு நாள் பேனருதானே."

படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். யோசித்துச் சொல்லி அனுப்புவதாக அந்த அம்மையார் கூறினார். எவரும் சொல்லி அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று மாலை நான் வீடு திரும்பியபோது என் மகள் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். "அவங்க அம்மா சொல்றத விடுங்க. அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் கூறினேன். கையிலிருந்த தாளின் மதிப்பெண்ணைக் கூட்டிச் சிவப்புப் பேனாவால் எழுதினாள்.

"சரிப்பா" என்றாள். "இனிமே யாருக்காவது குடுக்கணும்னா நீங்களே நேர்ல போய்க் குடுங்க. தரகர் கைல படம் போக வேணாம்."

அப்படியே செய்கிறேன் என்றேன். அவள் அடுத்த விடைத்தாளை எடுத்தாள்.