டாக்டர் போடாத உத்தரவு

முனுசாமியை மருந்துச்சாலைக்கு வரவிடாமல் செய்தவன் நான்தான். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. அவர் சொன்னதாக நான் சொன்னேன்.

பினாங்கில் சூலியா தெருவுக்கு அருகே உள்ள ஓர் இலவச மருந்துச்சாலையில் எனக்கு வேலை. புண்ணுக்குக் கட்டுப் போடுவேன். தமிழர் சொல்வதை வெள்ளைக்கார டாக்டருக்கு இங்கிலீஷில் சொல்வேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா வீரன் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர்.

முனுசாமி அவருடைய சிநேகிதர். பெரிய ஜெர்மன் சண்டையில் அரபு நாட்டுப் பஸ்ரா வரை போய்த் திரும்பிய சிப்பாய். பிறகு இங்கே ஒரு சரக்குக் கிட்டங்கியில் ஜாகாவாக, அதாவது காவல்காரராக, இருந்தார். இருதயம் பழுது. கால் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"உடம்பு நன்றாக இருந்தாலும் வாராவாரம் வரவேண்டும். விட்டால், மூன்றாம் தடவை எழுந்து வருவது கஷ்டம்" என்றார் டாக்டர். அதை நானே ஒரு சொல் குறையாமல் தமிழில் சொன்னேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்க எனக்கு வழியில்லை!

திங்கட்கிழமைதோறும் முனுசாமி வந்தார். டாக்டர் நாடி பார்ப்பார், காலை அழுத்திப் பார்ப்பார், சொட்டு மருந்தைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். ஐந்து நிமிஷ வேலை. என்னை உறுத்தியது அதுவல்ல... வரிசையில் நின்று அவர் பேசிய பேச்சு.

"இந்தா, நம்ம மூட்டைக்கார வீரன் மவன்லா! பய வெள்ளைக்காரன்கிட்டயே இங்கிலீஷ்ல மல்லுக்கு நிக்கிறான் பாரு!"

"அப்ப தம்பி நம்ம மூட்டையையும் தூக்குமா, ஜாகா அண்ணே?" என்று யாரோ கேட்டார். வரிசை முழுதும் சிரித்தது.

அவர் பெருமையாகத்தான் சொன்னார். அப்போதே எனக்கு அது தெரியும். ஆனாலும் காது சுட்டது.

அன்று மருந்து வாங்கிக்கொண்டு போனவரை வாசலில் நிறுத்தினேன்.

"இனிமே வாராவாரம் வர வேணாம் மாமா. ரொம்ப முடியலேன்னா மட்டும் வாங்க. தொரை ஆர்டர்."

"ஆர்டரா?"

"ஆமா."

வேறொருவர் ஏனென்று கேட்டிருப்பார். அவர் குதிகால்களைச் சேர்த்து ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார். அந்தச் சொல்லை நான் ஏன் எடுத்தேன்? அவரிடம் அது பலிக்கும் என்று தெரிந்துதானே!

ஐந்து வாரம் வரிசை அமைதியாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது... ஆம், நிம்மதி. ஒருநாள் டாக்டர், "அந்தச் சிப்பாய் எங்கே?" என்றார். ஊருக்குப் போயிருக்கலாம் என்றேன்.

ஆறாவது வாரம் ரிக்ஷாவில் சாய்த்துக் கொண்டுவந்தார்கள். தொடை வரை வீக்கம். படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். இத்தனை நாள் ஏன் வரவில்லை, கேள் என்றார் டாக்டர்.

கேட்டேன்.

முனுசாமி என்னைப் பார்க்கவில்லை. டாக்டரையே பார்த்துச் சொன்னார்: "தொரைதானே வர வேணாம்னு ஆர்டர் போட்டீங்க... ரொம்ப முடியாதப்ப வரச் சொன்னீங்க. இப்பதாங்க முடியல."

டாக்டர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

உடம்பு நன்றாக இருந்ததாம், அதனால் வரவில்லையாம் என்று இங்கிலீஷில் சொன்னேன். தடுமாறக்கூட இல்லை!

"முட்டாள். தன் உயிரைத் தானே கெடுத்துக்கொண்டான். அவனிடம் சொல்."

"என்ன தம்பி சொல்றாரு?"

"சரியாப் போயிடும்ங்கிறாரு மாமா."

"நல்ல மனுசன்" என்றார் முனுசாமி.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

டாக்டர் இன்னும் முனுசாமியின் அசட்டையைச் சொல்லி மற்றவர்களை எச்சரிக்கிறார். அதையும் நான்தான் தமிழில் சொல்கிறேன். வீட்டில் அப்பா, "அந்த வெள்ளைக்காரன்தான்டா வர வேணாம்னு சொல்லிக் கொன்னுட்டான்" என்கிறார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் இதை வாசித்துவிட்டீர்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. அதை அறிந்துதான் எழுதுகிறேன்...