பின்கொக்கி

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஜெரால்ட் தன் வண்டியின் அடியில் படுத்திருந்தார். பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் இழுகொக்கி பொருத்தியிருக்கும் இடத்தை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தட்டினார். டங்கென்று கேட்க வேண்டும். ஈர அட்டையைத் தட்டியதுபோல இருந்தது. அழுத்தினார். ஸ்க்ரூடிரைவர் பிடிவரை உள்ளே போனது.

உடனே அதை வெளியே எடுக்கவில்லை.

பத்து மணிக்கு அந்தக் கொக்கியில் கயிறு கட்டப் போகிறார்கள். மறுமுனையில் ஈஸ்வரனின் புது வண்டி. எது எதை இழுக்கிறது என்று பார்க்க முப்பது பேர் வருகிறார்கள்.

ஜெரால்டுக்கு ஐம்பத்தொரு வயது. போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன் பிடிக்க வந்தவர். ஜெரால்டுக்குப் படகில் ஏறினாலே வாந்தி. அதனால் இரும்பு வேலைக்குப் போனார். வேலை கிடைத்தது நிக்கோபாரில், கட்சால் தீவில். கப்பலில் போன இரண்டு நாளும் வாந்தி எடுத்தார். அங்கேதான் முதல்முறையாக மகர் ஜீப்பைப் பார்த்தார். சதுரப் பெட்டி, தட்டைக் கண்ணாடி, நான்கு சக்கரத்துக்கும் விசை. ரப்பர் தோட்டத்துச் சேற்றில் மற்ற வண்டிகள் புதைந்து நிற்க, மகர் மட்டும் ஏறி வந்தது. சுனாமிக்கு அடுத்த மாதம் போர்ட் பிளேருக்குத் திரும்பியவர் ஏலத்தில் ஒரு மகர் எடுத்தார். அதற்குள் கம்பெனி அந்த வண்டி செய்வதையே நிறுத்தியிருந்தது.

போன வருடம் அதே பெயரில், அதே சதுர முகத்தோடு மகர் மறுபடி வந்தது. மகர் வைத்திருப்பவர்களின் ‘மகர் வாலே’ வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மாதம் வேறு பேச்சில்லை. முன்பக்கம் அழகு என்றார்கள். கதவு சாத்தும் சத்தம் சரியில்லை என்றார்கள். கூரையில் கண்ணாடி எதற்கு, அந்தமான் மழையை எண்ணிப் பார்க்கவா என்று ஒருவர் கேட்டார். பழசு உள்ளேயும் மழை பெய்யுமே என்று இன்னொருவர். எல்லோரும் காத்திருந்தது ஜெரால்டின் அபிப்பிராயத்துக்கு. அது குரல் பதிவாக வந்தது.

“செல்போனுக்கு டயர் மாட்டி விட்டிருக்கான். அவ்வளவுதான்.”

தீவுக்கு முதல் புது மகரைச் சென்னையிலிருந்து கப்பலில் இறக்கியவன் ஈஸ்வரன். ரோடு கான்ட்ராக்டர், முப்பத்தைந்து வயது. அவனும் குரலிலேயே பதில் போட்டான். “கயிறு நான் கொண்டு வர்றேன் அண்ணே. வண்டிய நீங்க கொண்டு வாங்க.”

சட்டத்தில் விழுந்த துளையில் ஜெரால்ட் துணியைத் திணித்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தார். பூசைக்குப் போனார். பிரசங்கம் காதில் விழவில்லை. மண் வழுக்கும், புது வண்டியின் டயர் சும்மா சுற்றும், கொக்கிக்குப் பாரமே வராது என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வெளியே சிப்பிகாட் என்ற இடத்தில், சுனாமியன்று கடல் புகுந்து திரும்பிப் போகாத வயல்கள் உண்டு. கடல் வற்றும்போது சேறு, ஏறும்போது உப்புத் தண்ணீர். குழு அங்கேதான் கூடும். ஓட்டம் முடிந்ததும் வண்டிகளை அந்தத் தண்ணீரில் இறக்கிச் சேறு கழுவுவது வழக்கம். கோடையில் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் வருகிறது. அதில் வண்டி கழுவினால் வீட்டில் சண்டை வரும். வழக்கத்தை ஆரம்பித்தவர் ஜெரால்ட். மகரின் இரும்பைக் கடல் ஒன்றும் செய்யாது என்றவரும் அவர்தான். பெட்டிச் சட்டத்துக்குள் போன உப்புத் தண்ணீர் முழுதாக வெளியே வராது என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். ஜெரால்டுக்கும் தெரியும். அது மற்ற வண்டிகளுக்கு என்று நினைத்தார்.

“செல்போன் வந்துருக்கு அண்ணே,” என்றான், பத்து மணிக்கு வயலோரம் வந்து இறங்கிய ஈஸ்வரன். “ஃபுல் சார்ஜ்.”

சிரித்தார்கள். பழைய மகர் வைத்திருக்கும் நர்ஸ் புஷ்பா முன்னால் வந்தாள். “அண்ணா, நம்ம மானம், இஜ்ஜத் எதுவும் போயிடக் கூடாது. சொல்லிட்டேன்.”

இரண்டு வண்டிகளையும் முதுகுக்கு முதுகு நிறுத்திக் கயிறு கட்டினார்கள். ஜெரால்டின் மனைவி ரோசலின் கயிற்றுக்கு இரண்டு கை தூரத்தில் போனைப் பிடித்தபடி நின்றாள்.

“ரோசு, தள்ளி நில்லு.”

“வெளிச்சம் இந்தப் பக்கம்தாங்க இருக்கு.”

“தள்ளுன்னா தள்ளு. எல்லாரும் தள்ளுங்க.”

“அரே, பீச்சே ஹடோ பாய்,” என்று ஈஸ்வரன் கூட்டத்தைப் பின்னால் போகச் சொல்லிக் கத்தினான். “அண்ணனுக்குக் கூச்சமா இருக்காம்.”

கூட்டம் நாலடி நகர்ந்து இரண்டடி திரும்பி வந்தது.

விசில் அடித்தார்கள். ஜெரால்ட் முதல் கியரில் மெல்ல மிதித்தார். கயிறு சேற்றிலிருந்து எழும்பியது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு சொட்டு நின்றது. மண் வழுக்கவில்லை. புது வண்டியின் டயர் சுற்றவில்லை. ஒவ்வொரு சக்கரமாகப் பிடித்துப் பிடித்து இழுத்தது. எஞ்சின் சத்தத்துக்கு அடியில் ‘டக்’ என்று ஒன்று, சீட்டின் வழியாக முதுகுக்கு வந்தது.

அந்த ‘டக்’கை அவர் ஒருமுறை கேட்டிருக்கிறார். கட்சாலில் விழுந்த மரத்தை இழுக்கும்போது. அடுத்த நொடி கொக்கி பிய்ந்து கயிற்றோடு பறந்தது. செந்தமிழன் என்ற லோடுமேன் அதற்குப் பிறகு இடது காலை மடக்கவே இல்லை.

கண்ணாடியில் ரோசலின் ஓரடி முன்னால் வந்திருந்தாள்.

ஜெரால்ட் கிளட்சை அழுத்தினார். வண்டி பின்னால் போனது. நாலடி, ஆறடி. கூட்டம் கத்தியது.

அவர் இறங்கினார். ஈஸ்வரன் வந்து தோளில் கை போட்டான். “கிளட்ச் ஸ்லிப் ஆகுதுண்ணே, வேற ஒண்ணுமில்ல. இன்னொரு தடவ இழுப்போம்.”

“ஆமா, கிளட்ச்,” என்றார் ஜெரால்ட்.

“கிளட்ச்சா?” என்றாள் புஷ்பா. “அப்ப என் வண்டியக் கட்டு ஈஸ்வரா. இதுவும் மகர்தானே. அண்ணன் பார்த்து வாங்கிக் குடுத்தது.”

சொல்லிக்கொண்டே ஏறிவிட்டாள். அவள் வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. ஈஸ்வரன் கயிற்றை அவிழ்த்து அவள் கொக்கிக்குக் கொண்டுபோனான். எட்டு வருடமாக ஞாயிறுதோறும் அதே தண்ணீரில் இறங்கிய வண்டி.

“வேணாம்.”

“ஏன் அண்ணே, அதுலயும் கிளட்ச்சா?”

“கட்டாதடா!”

ஈஸ்வரன் நிமிர்ந்தான். ஜெரால்ட் அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் வண்டிக்குப் பின்னால் உட்கார வைத்தார். கறுப்புப் பெயிண்டின் மேல் அவன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது. துணி தெரிந்தது. கொக்கியின் ஓரத்தில் சட்டம் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

ஈஸ்வரன் விரலை வெளியே எடுத்தான். புஷ்பா இறங்கி வந்து குனிந்து பார்த்தாள்.

“நீங்கதானே கடல்ல கழுவச் சொன்னீங்க?”

“நான்தான்.”

“இரும்ப ஒண்ணும் பண்ணாதுன்னீங்க.”

“சொன்னேன்.”

“போன மாசம் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு டிக்லிபூர் வரைக்கும், முந்நூறு கிலோமீட்டர் போய்ட்டு வந்தேன் அண்ணா. போகலாமான்னு உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் போனேன்.”

ரோசலின் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். துணியைப் பார்த்தாள். அது அவளுடைய பழைய நைட்டியின் துண்டு.

“காலைலயே தெரியுமா?”

“தெரியும்.”

அவள் தான் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். சேற்றில் அவள் செருப்புத் தடம் இருந்தது. பக்கத்திலேயே கயிறு கிடந்த கோடு. போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். ரோட்டை நோக்கி நடந்தாள். ஜெரால்ட் கூப்பிடவில்லை.

ஈஸ்வரனிடம் ஸ்பேனர் கேட்டார். அவன் தன் வண்டியிலிருந்து பிரிக்காத உறையோடு கொண்டுவந்து கொடுத்தான். ஜெரால்ட் புஷ்பாவின் வண்டிக்கு அடியில், சேற்றில் மல்லாந்து படுத்தார். இடது சட்டம், டங். வலது சட்டம், டங். முன்பக்கம் நன்றாக இருந்தது. பின்னால் நகர்ந்தார். வலது பின்சக்கரத்துக்கு மேலே தட்டியபோது துரு கண்ணில் விழுந்தது.

“புஷ்பா.”

“சொல்லுங்க.”

“இத ஓட்டிக்கிட்டுப் போகாத. இங்கயே மேட்டுல ஏத்தி வை.”

பிறகு ஒரு ஜோடி கால்கள் அவர் தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

“அடுத்து என் வண்டி,” என்றது இன்னொரு பழைய மகர்க்காரரின் குரல். அண்ணே என்று சேர்க்கவில்லை.

ஜெரால்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படுத்தவாறே அந்தப் பக்கம் நகர்ந்தார்.