வலைக்கதவு திறந்திருந்தால்

ஓசூரில் இரும்பு ஷீட்டை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் பதினோரு வருடம் மெஷின் ஓட்டினேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன்.

மெஷினில் கை சிக்காமலிருக்க ஒரு வலைக்கதவு உண்டு. வேலை வேகமாக நடக்க அதைத் திறந்து கம்பியால் கட்டிவிடுவோம். புதிதாக வந்த இரண்டு பேருக்கும் நானே அப்படிச் சொல்லிக்கொடுத்தேன். கதவுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிப் பதித்திருந்த தகட்டை விளம்பரம் என்றே நினைத்திருந்தேன்.

போன வருடம் சர்ச் ஹாலில் ஞாயிறு ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். 'இஃப்' என்றால் 'இப்படி நடந்தால் இப்படி ஆகும்' என்று டீச்சர் விளக்கினார். மறுநாள் தகட்டிலும் அதே 'இஃப்' கண்ணில் பட, எழுத்துக்கூட்டிப் படித்தேன். கதவு திறந்திருந்தால் கை போய்விடும் என்றிருந்தது. கம்பியை அவிழ்த்துக் கதவை மூடினேன்.

"ஏன்யா மூடுன? புரொடக்‌ஷன் யாரு குடுப்பா?" என்றார் சூப்பர்வைசர்.

"இதுல எழுதியிருக்குங்க சார்."

"ஓ, தொரை இங்கிலீஷ் படிப்பாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்திலேயே சத்தமாகப் படித்தேன். சிரிப்பு நின்றது.

"தெறந்து வெச்சு ஓட்டுன்னு எழுதிக் குடுங்க சார், ஓட்டறேன்."

அவர் எழுதவில்லை, என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார். போகும் வழியில் அந்த இரண்டு பேரிடமும் நின்று, தகட்டில் இருப்பதைத் தமிழில் சொன்னேன். ஒருவன் உடனே கதவை மூடினான். மற்றவன் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவனிடம் தினமும் சொல்கிறேன், மூடும்வரை சொல்வேன்.