மஞ்சள் வேட்டியோடு மேல் டிவிஷனுக்கு

காலை ஐந்தரைக்கு எஹலியகொடையில் பஸ் ஏறினேன். இந்த ஊரில் எனக்கு இரண்டு லொறியும் ஒரு ஹார்ட்வெயார் கடையும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன். படித்தது மூன்றாம் வகுப்பு. பலாங்கொடைக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். மடியில் இருந்த பையில் புது மஞ்சள் வேட்டி.

அதற்கும் மேலே, நான் ஒரு காலத்தில் தேயிலைக் கொழுந்து சாக்குச் சுமந்த தோட்டத்தில், மேல் டிவிஷன் என்னும் மலைப் பகுதிக் கோயிலில் மாரியம்மன் திருவிழா. அங்கே கரகம் யார் எடுப்பது என்பதை மனிதர்கள் முடிவு செய்வதில்லை. வீட்டுக்கு ஒரு பெயர். தோட்டத்தை விட்டுப் போனவர்களுக்கும் உண்டு. இலைப் பொட்டலங்களில் ஒன்றில் மட்டும் சிவப்புப் பூ, மற்றதிலெல்லாம் வெள்ளை. ஆத்தா முன்னால் பூசாரி அவற்றைக் கலக்கி வைப்பார், ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். சிவப்பு எடுத்தவரே ஆத்தா கேட்ட ஆள். மூன்று வருடமாக எனக்கு வெள்ளைதான். இந்தத் தடவை ஒரு மாதமாக விரதம், மீன் கடைத் தெருவில்கூடக் கால் வைக்காமல் வேறு தெருவால் போனேன். ஆத்தாவுக்கு வேறு வழியில்லை என்றே நினைத்தேன்.

எட்டே முக்காலுக்குப் பலாங்கொடை. தோட்டத்து பஸ் போய்விட்டதால் த்ரீவீலர் பிடித்தேன், ஆயிரத்து இருநூறு ரூபாய். ஓட்டிய கனகராஜ் அதே தோட்டத்து லய வீட்டில் குடியிருப்பவர்.

"பையில என்னங்க முதலாளி, இப்புடிக் கட்டிப்புடிச்சிருக்கீங்க?"

"மஞ்ச வேட்டி. இன்னைக்குக் கரகம் எனக்குத்தான் தம்பி."

"ஆத்தா போன்ல சொன்னாளா?" சிரித்தார். "எங்க வூட்டுப் பேரும் இருக்குங்க. அண்ணன் கொழும்புல, நாந்தான் பூ எடுக்கணும். எனக்கு வந்துறக் கூடாதுன்னுதான் வெரதம் இருக்கேன்."

பிற்பகல் இரண்டு மணிக்குக் கோயிலில் என் பொட்டலத்தைப் பிரித்தேன். வெள்ளை. பக்கத்தில் கனகராஜ் தன் பொட்டலத்தைப் பிரித்தார். அதில் சிவப்புச் செம்பருத்தி.

"ஐயோ சாமி, வேற யாருக்காச்சும் குடுங்க! மழ பேஞ்ச பாதை. வழுக்கி வுழுந்தா கரகமும் போச்சு, நானும் போனேன்!"

"ஆத்தா கேட்டது ஒன்னயத்தான்" என்றார் பூசாரி. "மஞ்ச வேட்டியக் கட்டிக்கிட்டு வா."

காற்சட்டையோடு நின்ற கனகராஜ் என் பையைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், முதலில் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். பிறகுதான் கொடுத்தேன்.

மாலை ஐந்துக்கு ஓடைக்கரையில் கரகத்தை அவர் தலையில் வைத்தார்கள். கோயில் வரைக்கும் முக்கால் மைல் ஏற்றம். கரகம் எடுப்பவர் குனிந்து பார்க்க முடியாது. முதல் திருப்பத்திலேயே அவருக்குக் கால் பின்னியது. ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தேன். பன்னிரண்டு வருடம் சாக்கோடு நான் ஏறிய பாதை அது.

"வலது கால வை. அடுத்தது ஆடுற கல்லு, தாண்டு."

"வுட்டுறாதீங்க முதலாளி!"

"ரெண்டு லொறிய வச்சு ஓட்டுறவன், ஒன்னய வுடுவனா?"

கரகம் சாயாமல் கோயில் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை கனகராஜ் என்னைப் பலாங்கொடையில் இறக்கிவிட்டு, காசு வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். எஹலியகொடையில் எவன் எந்த லொறியில் ஏற வேண்டும் என்று சொல்பவன் நான். மேல் டிவிஷனில் என்னைக் கேட்காமலே எனக்கு ஒரு வேலை போட்டு வைத்திருந்தாள் ஆத்தா. கரகத்துக்குத் தலை எத்தனையோ கிடைக்கும். அந்தப் பாதையைக் கல் கல்லாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் இரத்தினபுரி வரும் வரைக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.