கஸ்தூரிரங்கன் சொன்ன பெயர்ப் பலன்

கஸ்தூரிரங்கனைப் போல ஒரு வம்புக்காரரை நான் அமெரிக்காவில் எங்கள் ஊரான பிளெய்ன்ஸ்பரோவில் பார்த்ததில்லை. ஊர் வம்பு இல்லை, பெயர் வம்பு. மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். அவர் இங்கே படிக்க வந்த காலத்தில் கெமிஸ்ட்ரிக்கு ஜெர்மன் கட்டாயமாம். கற்றுக்கொண்ட ஜெர்மனை மனிதர் எதற்குப் பயன்படுத்தினார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

ஆபீஸுக்கு நாங்கள் ஒரே காரில் போவோம். வழியெல்லாம் கூட வேலை செய்கிறவர்களின் ஜெர்மன் குடும்பப் பெயர்களுக்குப் பலன் சொல்லிக்கொண்டே வருவார். வெபரா? நெசவாளி. ஷ்னைடர்? தையல்காரன். ஃப்ளைஷர்? கசாப்புக்கடை. லேபில் காட்ஸ் என்று ஒரு யூதர் இருந்தார். அது பழைய யூதக் கோயில் பூசாரி வம்சத்துப் பெயர் என்று தெரிந்த நாளிலிருந்து மதியச் சாப்பாடு அவரோடுதான்.

"காட்ஸ் நம்மவா மாதிரி, ஓய்!" என்பார்.

இனிஷியலையும் சொந்த ஊரையும் கேட்டு ஜாதியைத் துழாவுகிற புத்தி கடல் தாண்டியும் அவரை விடவில்லை.

1984இல் அவருடைய ஒரே பெண் ஷ்யாமளா, கூடப் படித்த டேனியல் லெடரரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். யூதப் பையன். வெள்ளைக்காரன், வேறு மதம் என்பதையெல்லாம் அவர் எப்படியோ விழுங்கிக்கொண்டார். அவர் மனைவி காமாக்ஷிக்கே ஆச்சரியம். ஆனால் லெடரர் என்றால் தோல் பதனிடுகிறவன். அதுதான் தொண்டையில் சிக்கியது.

"காட்ஸ் ஆத்துப் பிள்ளையா இருந்தா யோசிக்கலாம். போயும் போயும் தோல் ஊறவெக்கறவனா?" என்று பெண்ணின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

டவுன் ஹாலில் கல்யாணம் நடந்தது. காமாக்ஷி மட்டும் போய்விட்டு வந்தார். இரண்டு வருஷம் அப்பாவும் பெண்ணும் பேசவில்லை. மனிதர் பாதியாக இளைத்துப்போனார். காரில் பெயர்ப் பலன் நின்றது, வீம்பு மட்டும் நிற்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டேனியலின் அப்பா கேக் டப்பாவோடு தானே வந்து கதவைத் தட்டினார். சமாதானம் பேசத்தான். நானும் அங்கே இருந்தேன். காபி ஆறுவதற்குள் நம்மவர் கேட்டேவிட்டார், உங்கள் வம்சத்தில் தோல் தொழில் எத்தனை தலைமுறையாக என்று.

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். முன்னோர்கள் தானிய வியாபாரிகளாம். உங்களைப் போல எங்களுக்கும் அந்தக் காலத்தில் அப்பா பெயரைச் சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம், குடும்பப் பெயர் கிடையாது என்றார். யூதர்கள் எல்லோரும் ஜெர்மன் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆஸ்திரியப் பேரரசர் சட்டம் போட்டபோது, எவனோ ஒரு குமாஸ்தா வாயில் வந்ததை எழுதிவிட்டான் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள் என்றார்.

கஸ்தூரிரங்கனுக்குத் தலைகால் புரியவில்லை. விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போதே பெண்ணுக்குப் போன் போட்டார்.

"ஷ்யாமு, மாப்பிள்ளையை அழைச்சுண்டு ஆத்துக்கு வாடி! அவா தோல் பதனிடறவாளே இல்லையாம். குமாஸ்தா வெச்ச பேராம்!"

ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றார். முகத்திலிருந்த சந்தோஷம் வடிந்தது. அவள் என்ன கேட்டாள் என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

"நிஜமாவே அவா தோல் பதனிடறவாளா இருந்தா, அப்பவும் கூப்பிட்டிருப்பியாப்பா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அது அவர் வாயில் வரவில்லை. கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள். அப்புறம் அவர் குரல் கேட்டாலே வைத்துவிடுவாளாம்.

எனக்கு அவர்மேல் கோபம் தீரவில்லை. பாவமாகவும் இருந்தது. அந்த வருஷக் கடைசியில் ஒருநாள் காரில் போகும்போது திடீரென்று கேட்டார்.

"ஓய், அன்னிக்கு நான் பொய்யாவது சொல்லியிருக்கலாமோ?"