மாதம் தவறி லிஸ்பனுக்குப் போன நாரத்தங்காய்

முருகனடியார்களே, ஒரு கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். ஏழு வருடமாகப் போட்டுப் பார்க்கிறேன், விடை வரவில்லை. தென்காசியில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

1936, ஆடி ஆறாம் நாள். ஸ்பெயின் தேசத்தில் உள்நாட்டுச் சண்டை என்று பத்திரிகையில் ஐந்து வரி. என் ஒரே மகன் சண்முகம் அங்கே மாட்ரிட் நகரத்தில் இருந்தான். இங்கிலாந்தில் ஸ்பானிஷும் போர்த்துகீசும் படித்துவந்த மாணவன். அந்த மொழிகளைப் படிப்பவர்கள் ஆறு மாதம் ஸ்பெயினிலும், பிறகு ஆறு மாதம் போர்ச்சுகலிலும் தங்கிப் படிக்க வேண்டும். அது அவர்கள் பல்கலைக்கழகத்து விதி.

அன்றே ஆய்க்குடி முருகன் கோயிலுக்கு நடந்தேன். "பாலமுருகா, அவனை ஸ்பெயினை விட்டு வெளியே கொண்டுவா. உன் ஆற்றங்கரைப் படியில் படிப்பாயசம் போடுகிறேன்" என்று அழுதேன். மறுநாளும் நடந்தேன். தினமும் நடந்தேன். வழியில் எத்தனை புளியமரம் என்று எண்ணினேன். ஒரு நாள் நாற்பத்தொன்று, ஒரு நாள் நாற்பத்துநான்கு. புத்தி நிலையில் இல்லை. குற்றாலத்தில் சாரல். ஐந்தருவியில் நின்று எண்ணினால் நான்குதான் வந்தது.

தபால் ஆபீசிலும் போய் நிற்பேன். தபால்காரர் சிரித்தார்.

"அண்ணாச்சி, நீங்க இங்கன நின்னு பையை எண்ணுனா கப்பல் வெரசா வருமா? வீட்டுக்குப் போங்க, நானே கொண்டாந்து தாரேன்."

ஆடி இருபத்தெட்டில் கொண்டுவந்தார். ஒரே கப்பலில் வந்த இரண்டு கடிதங்கள். இரண்டும் மகன் கையெழுத்து. தபால் முத்திரை மாட்ரிட் இல்லை, லிஸ்பன்.

முதல் கடிதம், ஆனி முப்பதில் எழுதியது. முழுவதும் திட்டு. "அப்பா, நான் ஆடி முடிந்துதான் லிஸ்பனுக்கு வரவேண்டியவன். நாரத்தங்காய் டப்பாவை இப்போதே இங்கே அனுப்பிவிட்டீர்கள். நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் தருவேன் என்கிறான் சுங்கக்காரன். அதற்காக ரயிலேறி வந்திருக்கிறேன். பாடம் வீணாகிறது. சனிக்கிழமை மாட்ரிட் திரும்புகிறேன்."

திரும்புகிறானா? இரண்டாவதைப் பிரித்தேன். ஆடி ஐந்தில் எழுதியது. "மாட்ரிட் ரயில் போகவில்லை. எல்லையை அடைத்துவிட்டார்கள். நான் லிஸ்பனிலேயே இருக்கிறேன். சுகம்."

தவறு என்னுடையதுதான். மகன் இரண்டு ஊர் விலாசத்தையும் முன்பே எழுதியிருந்தான். அவன் மாட்ரிட் போனது தை கடைசியில். கர்ப்பத்துக்கு மாதம் எண்ணுவதுபோல, தொட்ட மாதமும் ஒரு மாதம் என்று நான் தையையும் சேர்த்துவிட்டேன். ஆனியோடு ஆறு முடிந்தது. ஆடியில் லிஸ்பனில் இருப்பான் என்று வைகாசியிலேயே டப்பாவை அனுப்பினேன்.

என் மனைவி கோமதி சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

"ஊருப் பிள்ளையளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் குடுத்திய. ஆறு மாசம் எண்ணத் தெரியலயே உங்களுக்கு!" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை, தெரியல" என்றாள்.

இதுதான் எனக்குப் புரியாதது. நான் வேண்டியது ஆடி ஆறில். மகன் எல்லை தாண்டியது ஆனியில். நான் தவறியது வைகாசியில். கேட்பதற்கு முன்பே முருகன் கொடுத்தானா? அப்படியானால் நான் நடந்த இருபத்திரண்டு நாள் எதற்கு? தொட்ட நாளையும் சேர்த்தால் இருபத்துமூன்று. அந்த நடையும் கணக்கில் உண்டா, இல்லையா? தெரியவில்லை.

ஆவணியில் நேர்ச்சையைச் செலுத்தினேன். அந்தக் கோயில் வழக்கப்படி ஆற்றங்கரைப் படியிலேயே பாயசத்தை ஊற்றினார்கள். பிள்ளைகள் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்கள். எத்தனை பிள்ளைகள் என்று இரண்டு தரம் எண்ணினேன், இரண்டு தொகை வந்தது. மூன்றாம் தரம் எண்ணவில்லை. வாழ்க்கையில் நான் பாதியில் விட்ட முதல் கணக்கு அது.

உங்களுக்கும் கலக்கம் வந்தால் ஆய்க்குடிக்கு நடந்து பாருங்கள். புரிந்துகொண்டு கும்பிட வேண்டும் என்பதில்லை. நான் இன்றைக்கும் புரியாமல்தான் கும்பிடுகிறேன்.