மலைக்கு அந்தப் பக்கத்து ஜோன்

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணி எந்த மண்டலத்தில் ஆடப்போகிறது என்று அந்த வருஷம் என்னிடம் கேட்காத ஆள் ராஜபாளையத்தில் கிடையாது. கேன்டீன்காரர் கேட்டார். பஸ் கண்டக்டர் கேட்டார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில், வாயை அகலத் திறக்கச் சொல்லிவிட்டு டாக்டர் கேட்டார், "என்ன மேடம், தேனிப் பக்கம் போறீகளாமே?" வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்ல?

நான் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். எல்லோருக்கும் பி.டி. மேடம். எங்கள் பல்கலைக்கழகம் தன் கீழ் உள்ள கல்லூரிகளை மண்டலம் மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறது. எங்கள் பேச்சில் அது ஜோன். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் எனக்குத் தெரிந்த காலம் முதல் ஒரே ஜோன், தெற்கு ஜோன். ஒவ்வொரு ஜோனிலும் முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகும். அந்தச் சுற்றில்தான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பார்கள். பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றிதழ் கையில் இருந்தால் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போகலாம். விஷயம் இவ்வளவுதான்.

இதில் எங்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. தெற்கு ஜோனில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரி முதலிடம், நாங்கள் இரண்டாமிடம். சில வருஷம் மாறும். அட்டவணை போடும்போது எங்களை மேல் பாதியிலும் அவர்களைக் கீழ் பாதியிலும் போட்டுவிடுவார்கள். இறுதிப் போட்டியில்தான் சந்திப்போம். யார் தோற்றாலும் இரண்டு பேருமே அடுத்த சுற்றுக்குப் போவோம்.

அந்த வருஷம் எங்கள் கேப்டனுக்குக் கடைசி வருஷம். மம்சாபுரத்துப் பிள்ளை. அப்பா கிடையாது, அம்மா கூலிக்குக் களையெடுக்க, காட்டு வேலைக்குப் போகிறவர். முதல் வருஷம் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். இரண்டாம் வருஷம் கணுக்கால் பிசகி, அடுத்த சுற்றுக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தாள். மூன்றாம் வருஷம், விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, நான் கிரவுண்டுக் கதவைத் திறக்கும் முன்னால் வெளியே நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருப்பாள். அவள் போலீஸாகப் போகிறாள் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை, அவளுக்கும் இல்லை. அதற்குள் வந்து சேர்ந்தது இந்தச் சனியன் பிடித்த ஜோன் பேச்சு.

ஜூன் மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பி.டி.க்கள் கூட்டம் நடந்தது. வழக்கம்போலக் கேசரி, வழக்கம்போலச் சண்டை. எங்கள் ஆட்டங்களை எல்லாம் எப்போது பார்த்தாலும் உச்சி வெயிலில் போடுகிறார்களே என்று நான் கத்தினேன். வாய்க்கு வந்ததைப் பேசினேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று என்ன பேசினேன் என்பதை மறந்தே போனேன்.

ஜூலையில் ஆரம்பித்தது. எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர், "ஜோன் எல்லாம் மாறுதாம், உண்மையா?" என்று போட்டார். அவ்வளவுதான். ஆளாளுக்கு ஒரு ஜோன் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் சிவகாசியை மதுரையோடு சேர்த்தார். இன்னொருவர் ஐந்தாவதாக ஒரு ஜோனே உண்டாக்கினார். புதிதாக நாலு கல்லூரி வருகிறது என்றார் ஒருவர், இருக்கிற கல்லூரியிலேயே நாலு போகிறது என்றார் வேறொருவர். விடைத்தாள் திருத்தக் கொடுத்தால் கண்ணில் படாதவர்கள் எல்லாம் பென்சிலும் வரைபடமுமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய கணக்கிலும் ஒன்று மட்டும் மாறவே இல்லை. ராஜபாளையம் மேற்கு ஜோனுக்குப் போகிறது, தேனியோடு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரைபடத்தில் தேனி எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, யார் இல்லை என்றது? நடுவில் மலை நிற்கிறதே! தேனிக்குப் போக நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று சுற்ற வேண்டும். அதாவது தெற்கு ஜோனிலேயே இருக்கப்போகிற ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரி வாசல் வழியாகப் போய்த்தான் நாங்கள் மேற்கு ஜோனில் ஆட வேண்டும். இதை யாரிடம் சொல்லி அழ?

ஸ்ரீவில்லிபுத்தூர் பி.டி. சாருக்குப் போன் போட்டேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், எதற்கும் பதறாதவர்.

"சார், இந்தக் கூத்து நெசமா?"

"அப்படித்தான் சொல்லுதாக மேடம். தேனியில கேட்டேன். அங்க உள்ளவுகளும் நீங்க வாரீகன்னுதான் சொல்லுதாக."

"பல்கலைக்கழகத்துல கேட்டீகளா?"

"கேட்டேன். இன்னும் ஒண்ணும் முடிவாகலையாம். ஆனா பேச்சு இருக்காம்."

பேச்சு இருக்காம்! ஊரே பேசினால் பேச்சு இருக்கத்தானே செய்யும்?

ஆகஸ்டில் அதே குழுவில் ஒரு பட்டியல் வந்தது. 'தற்காலிகம்' என்று மேலே தட்டச்சு செய்திருந்தது. முத்திரை இல்லை, கையெழுத்து இல்லை, தேதி இல்லை. மேற்கு ஜோனில் கடைசியாக எங்கள் கல்லூரி. அதைப் பார்த்ததும் என் புத்தி கழன்றுவிட்டது. காரணம், மேற்கு ஜோனில் அணிப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் முந்தி வந்தது. அதைத் தவறவிட்டால், மாறியது உண்மையென்றால், பிள்ளையின் கதி? இரண்டு ஜோனுக்கும் கொடுத்து வைக்கலாம் என்றால், அப்படிக் கொடுத்த கல்லூரியை இரண்டிலும் தூக்கிவிடுவார்கள். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். முதல்வரிடம் கையெழுத்து வாங்கி மேற்கு ஜோனுக்கு அனுப்பினேன்.

கேப்டனிடம் சொன்னேன். "தேனியா மேடம்? அம்புட்டுத் தூரமா?" என்றாள். பிறகு அவளே, "பரவால்ல மேடம், அங்க ஸ்ரீவில்லிபுத்தூர் டீம் இல்லல்ல" என்று சிரித்தாள். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

தெற்கு ஜோனின் கடைசி நாள் முடிந்து மூன்றாம் நாள் பல்கலைக்கழகச் சுற்றறிக்கை வந்தது. முத்திரையோடு, கையெழுத்தோடு, நான்கே வரி. நடப்பு ஆண்டில் மண்டலங்களில் மாற்றம் எதுவும் இல்லை.

நான் அந்தத் தாளை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. மேற்கு ஜோன்காரர்கள் எங்கள் விண்ணப்பத்தை மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். தெற்கு ஜோன் செயலாளர், "மேடம், சீட்டுக் குலுக்கி அட்டவணையே போட்டாச்சே" என்றார். கெஞ்சினேன். ஒரே ஒரு வழி இருந்தது. அட்டவணையில் உள்ள எல்லாக் கல்லூரிகளும் ஆட்சேபணை இல்லையென்று கையெழுத்துப் போட்டால், போட்ட அட்டவணையைக் கலைக்காமல் எங்களைச் சேர்க்கலாம்.

முதல் கையெழுத்து ஸ்ரீவில்லிபுத்தூர் சார் போட்டார். எங்களை ஒழித்துக்கட்ட நல்ல சமயம், வேறு யாராவது என்றால் யோசித்திருப்பார்கள். "நம்ம ஜோனு நல்லா இருக்கணும்னா உங்க பிள்ளைக ஆடணும் மேடம்" என்றார். பைக்கை எடுத்துக்கொண்டு போய் மற்றவர்களிடமும் அவரே வாங்கி வந்தார். அன்றைக்கு அவர் காலில் விழுந்திருப்பேன்.

அட்டவணையைக் கையில் வாங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. கலைக்காமல் சேர்ப்பது என்றால் காலியாக உள்ள ஒரே கட்டத்தில் சேர்ப்பது. காலியாக இருந்தது எது? போன வருஷம் முதலிடம் வந்த அணிக்கு முதல் சுற்றில் எதிரணி இல்லாமல் ஓய்வு கொடுத்திருந்தார்கள். அந்த ஓய்வுக் கட்டத்தில் எங்கள் பெயர். முதல் ஆட்டத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர். தோற்றால் வீடு.

அன்றும் உச்சி வெயில்தான். எங்கள் கேப்டன் ஆடிய ஆட்டத்தைச் சொல்ல எனக்கு வாய் போதாது. பாதிப் புள்ளிகள் அவள் கையால் வந்தவை. நாங்கள் முன்னால் போனோம், அவர்கள் பிடித்தார்கள், மறுபடி போனோம். ஆட்டம் முடியச் செத்த நேரம் இருக்கும்போது, பந்தோடு வேகமாக வந்த எதிரணிப் பெண்ணை மறிக்கப் போய், எங்கள் கேப்டனின் கை இடித்துவிட்டது. அவளுக்கு அது ஐந்தாவது ஃபவுல். விதிப்படி வெளியே. அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, பனியன் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிச்ச ஆட்டத்தைப் பார்த்தாள். இரண்டு புள்ளியில் தோற்றோம்.

நான் நேராக அந்த சாரிடம் போனேன். கையெழுத்து வாங்கித் தந்த மனுஷன் என்பதெல்லாம் மறந்துபோனது.

"எல்லாம் உங்க குழுவும் உங்க பட்டியலும் பண்ணின வேலை சார். எவன் கிளப்பிவிட்டான் இந்தத் தேனிப் பேச்சை? அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

அவர் என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். "கோவிச்சுக்காதீக மேடம். விசாரிச்சுட்டேன். பட்டியலைப் போட்டவரு, தேனிக்காரரு சொன்னதா சொல்லுதாரு. தேனிக்காரரு, ராஜபாளையமே இங்க வரக் கேட்டிருக்குன்னு கேள்விப்பட்டாராம். அவர்ட்ட சொன்னது நம்ம ஜூன் கூட்டத்துக்கு வந்தவரு."

"ராஜபாளையத்துல எவ கேட்டா?"

"நீங்கதான் மேடம். கேசரி சாப்பிடும்போது சொன்னீகள்ல, 'இந்த ஜோன்ல கெடந்து வெயில்ல சாகுறதுக்கு எங்களைப் பேசாம தேனியோட சேத்துவிடுங்க, செண்பகத்தோப்பு வழியா மலையேறிப் போய்க்கிடுதோம்'னு. நான்கூடச் சிரிச்சேன்."

சொல்லியிருந்தேன். அத்தனையும் ஞாபகம் வந்தது, கையில் கேசரி பிசுபிசுத்தது உட்பட. கோபத்தில் நான் அடித்த கிண்டல் கோரிக்கையாகி, பேச்சாகி, பட்டியலாகி, என் வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறது. அதை நானே நம்பி, நானே முதல்வரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று தோன்றியது.

திரும்பும் பஸ்ஸில் கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊருக்குப் பாதை பிரியும் மம்சாபுரம் விலக்கில் அவள் இறங்கிவிடுவாள். அதற்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாமலும் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. என்னால் முடியவில்லை. ஜூனிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பாமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ நீங்க அன்னைக்குச் சும்மா இருந்திருந்தா, நான் ஃபைனல்லதான அவியளோட ஆடியிருப்பேன்?"

"ஆமா."

"தோத்திருந்தாலும் அடுத்த ரவுண்டு போயிருப்பேன்."

"ஆமாடி."

விலக்கு வந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் குனிந்தாள்.

"எங்க அம்மாட்ட இதச் சொல்லிராதீக மேடம். நான் நல்லா ஆடல, அதான் தோத்துட்டேன்னு சொல்லிக்கிடுதேன். உங்க மேல அம்மாவுக்கு ரொம்ப மரியாதை."

இறங்கிப் போய்விட்டாள்.